டில்லியின் கொல்லைப்புறக் கதவு

(பாலவாக்கத்தில் நடைபெற்ற பொதுக்கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



மில்லில் ஷிப்டு முடித்தும், வயலிலிருந்து கரையேறியும், வலையை உலரப் போட்டுவிட்டும் இத்தனை பேர் வந்து கூடியிருக்கிறீர்கள். நாம் இன்று பேசப் போவது டில்லியைப் பற்றி. ஆனால் விஷயம் உங்கள் மடியில் இருக்கும் காசைப் பற்றியது.

ஏழையின் மனு எப்படி நகர்கிறது என்பது உங்களுக்குத் தெரியும். பட்டா கேட்டாலும், கூலி பாக்கி கேட்டாலும், ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போக மாதக்கணக்கில் ஆகிறது. பணக்காரனின் மனு எப்படி நகர்கிறது? அதற்குச் சரித்திரத்திலேயே சான்று இருக்கிறது.

நான்கைந்து நாளில் முடிந்த பேரம்

1956 செப்டம்பர் 1-ஆம் தேதி ஆயுள் இன்ஷூரன்ஸ் கார்ப்பரேஷன் பிறந்தது. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. நல்ல காரியம். மாதாமாதம் சம்பளத்தில் பிடித்த பிரீமியம், தான் கண்ணை மூடினால் பிள்ளைகளுக்கு ஆகட்டும் என்று தொழிலாளி கட்டிய பணம், இனி பத்திரமாக இருக்கும் என்று மக்கள் நம்பினார்கள்.

ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்திரா பண நெருக்கடியில் சிக்கினார். 1957 ஜூன் 21-ஆம் தேதி நிதி இலாகா காரியதரிசி எச்.எம். படேலுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான்கைந்து நாளில் காரியம் முடிந்தது! முந்திராவின் ஆறு கம்பெனிப் பங்குகளைக் கார்ப்பரேஷன் வாங்கிவிட்டது. விலை சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய். எதில் முதல் போடலாம் என்று ஆலோசனை சொல்லவே கார்ப்பரேஷனில் ஒரு கமிட்டி இருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

அன்றைய நிதி மந்திரி யார்? சென்னைக்காரரான டி.டி. கிருஷ்ணமாச்சாரி. 1957 தேர்தலில் தென்சென்னைத் தொகுதியில் வென்று டில்லி போனவர்.

இந்தப் பேரத்தை 1957 டிசம்பர் 16-ஆம் தேதி பார்லிமெண்டில் கிழித்துக் காட்டியவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ஆளும் காங்கிரஸின் மெம்பரும் பிரதமர் நேருவின் மருமகனுமான பெரோஸ் காந்தி. பிறகு நீதிபதி எம்.சி. சாக்ளா விசாரித்தார். விசாரணை பம்பாயில் பகிரங்கமாக நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். காரியதரிசி செய்ததற்கு மந்திரியே பொறுப்பு என்று சாக்ளா தீர்ப்புச் சொன்னார். 1958 பிப்ரவரியில் மந்திரி ராஜினாமா செய்தார்.

அதோடு முடிந்ததா? 1962-ல் அவர் மீண்டும் மந்திரி. 1963-ல் மீண்டும் நிதி மந்திரி! விசாரணைக்கு உள்ளான காரியதரிசி படேலோ 1977-ல், ஜனதா ஆட்சியில், தாமே நிதி மந்திரியாக வந்தார். ஆட்கள் மாறுகிறார்கள், கட்சிகள் மாறுகின்றன, கொல்லைப்புறக் கதவு மட்டும் திறந்தே கிடக்கிறது.

தரகர்கள் யார்?

யுத்த காலத்தில் வந்த கட்டுப்பாடுகள், வெள்ளையன் போன பிறகும் நீடித்தன. இறக்குமதி செய்ய லைசென்ஸ், ஆலை கட்ட லைசென்ஸ். கட்டுப்பாடு வேண்டியதுதான். இல்லாவிட்டால் நாட்டின் அந்நியச் செலாவணி சீமைச் சாமான்களில் கரைந்துவிடும். ஆனால் லைசென்ஸ் கொடுப்பவன் பூட்டிய அறைக்குள் முடிவு செய்தால், அந்தக் காகிதமே சந்தைச் சரக்காகிறது. கம்பெனிகள் டில்லியில் ஆள் வைத்தன. எந்தப் பைல் யார் மேஜையில் இருக்கிறது என்று அறிவதும், அதிகாரிக்கு விருந்து வைப்பதும், பென்ஷன் வாங்கியதும் அவருக்குக் கம்பெனியில் நாற்காலி போடுவதும் அந்த ஆளின் உத்தியோகம்.

இது நம்முடைய கற்பனை அல்ல. லஞ்ச ஒழிப்புக்காகச் சர்க்காரே அமைத்த சந்தானம் கமிட்டி, 1964-ல் தந்த அறிக்கையில் இந்தத் தரகர்களைப் பற்றியும், பைலை நகர்த்தக் கொடுக்கும் ‘வேகப் பணம்’ பற்றியும் எழுதியிருக்கிறது. அதன் தலைவர் கே. சந்தானமும் தமிழர்தான்.

இந்தக் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் வருவது புதுச்சேரி. அங்குள்ள சில வியாபாரிகளுக்கு இறக்குமதி லைசென்ஸ் தரச் சொல்லி, 21 பார்லிமெண்ட் மெம்பர்களின் கையெழுத்தோடு டில்லிக்கு ஒரு மனுப் போனது. அந்தக் கையெழுத்துகளில் பெரும்பாலானவை போலி என்று பிறகு வெளிவந்தது. பீகாரைச் சேர்ந்த மெம்பர் துல்மோகன் ராம் மீது வழக்கு வந்தது. 1974-ல் பார்லிமெண்டே அமளிப்பட்டது.

விதை நெல் எது?

கைம்மாறு இல்லாமல் முதலாளி காசு கொடுப்பானா? தேர்தல் நன்கொடைதான் விதை நெல். லைசென்சும் காண்டிராக்டும் அறுவடை. டாட்டா இரும்புக் கம்பெனி கட்சிகளுக்குப் பணம் கொடுக்க அனுமதி கேட்டு 1957-ல் பம்பாய் ஹைகோர்ட்டுக்குப் போனது. சட்டம் இடம் தருகிறது என்று அனுமதித்த அதே சாக்ளா, இது ஜனநாயகத்துக்கே ஆபத்து என்றும் எச்சரித்தார். 1969-ல் கம்பெனி நன்கொடைக்குத் தடை வந்தது. 1985-ல் தடை போயிற்று. 2018-ல் தேர்தல் பத்திரம் வந்தது. யார் யாருக்குக் கொடுத்தார் என்பது ஜனங்களுக்குத் தெரியாது! 2024 பிப்ரவரி 15-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் அதைச் செல்லாது என்றது. அடுத்த மாதமே பட்டியல் வெளிவந்தது, நாடு பார்த்தது.

தோழர்களே! முந்திரா பேரத்தைப் பிடித்தது எது? பார்லிமெண்டில் கேட்ட கேள்வியும், பம்பாயில் கட்டிய ஒலிபெருக்கியும். பத்திரத்தைப் பிடித்தது எது? வெளியே வந்த பட்டியல். இருட்டில் நடக்கும் வியாபாரத்துக்கு வெளிச்சம்தான் எமன்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். மந்திரியை எந்தக் கம்பெனி ஆள், எதற்காகச் சந்தித்தார் என்று பதிவேடு வேண்டும்; அதை ஜனங்கள் பார்க்க வேண்டும். கம்பெனிப் பணம் கட்சிகளுக்குப் போகக் கூடாது. தொழிலாளியின் சேமிப்பை எங்கே போடுகிறார்கள் என்பதைத் தொழிலாளியிடம் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் டில்லி மனம் இரங்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 2005-ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் நம் கையில் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டி, நம் மனு எந்த மேஜையில், எத்தனை நாளாகத் தூங்குகிறது என்று எழுதிக் கேட்கலாம். ஒருவர் கேட்டால் பதில் தாமதிக்கும். சங்கமாகச் சேர்ந்து, ஊர் ஊராக, ஆலை ஆலையாகக் கேட்போம். அவர்களுக்குக் கொல்லைப்புறக் கதவு இருக்கிறது, நமக்கு வாசல்தான். அந்த வாசலில் கூட்டமாக நிற்போம், வாருங்கள்!