முதலில் பாதம், அப்புறம் கார்பன்

(தொலைக்காட்சிக் கலந்துரையாடல் அரங்கில் நிகழ்ச்சி அறிவிப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த மேடையில் கேள்வி கேட்பது என் வேலை. இன்று, "உங்களுக்குப் பிடித்த பொழுதுபோக்கைப் பற்றி நீங்களே பேசுங்கள்" என்று சொல்லிவிட்டார்கள். எனக்குப் பிடித்தது கடலில் மூச்சடக்கி மூழ்குவது. முதுகில் காற்று உருளை கிடையாது. ஒரு மூச்சு, அவ்வளவுதான். தலைப்பைக் கேட்டதும் என் அம்மா, "நீ போறது போதாதா, ஊர்ப் பிள்ளைகளையும் கடலுக்குள்ள இறக்கணுமா?" என்றார். அம்மா இப்போதும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அதனால் கொஞ்சம் கவனமாகவே பேசுகிறேன்.

நம்மவர்களுக்கு இது புதிதல்ல. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லின் எடையில் கீழே இறங்கினார்கள். தோணியில் இருந்தவர் கயிற்றை இழுக்க, மேலே வந்தார்கள். இன்று மூழ்குகிறவரை யாரும் இழுப்பதில்லை. போவதும் வருவதும் அவருடைய கால் பலத்தில்தான். அந்தக் காலுக்குத் துணையாக இருப்பதுதான் ஃபின் என்கிற நீச்சல் துடுப்பு. வாத்தின் பாதம் போல விரிந்த, இடுப்பளவுக்கு நீண்ட துடுப்பு. அதில் இரண்டு பாகங்கள் உண்டு. ஒன்று தண்ணீரைத் தள்ளும் தகடு. இன்னொன்று நம் பாதம் நுழையும் ரப்பர் உறை. கடைக்குப் போனால் எல்லாரும் தகட்டைத்தான் தடவிப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் ஏமாந்தேன்.

2022-ஆம் ஆண்டு. தெரிந்தவர் ஒருவர் தம்முடைய கார்பன் ஃபின்னை 900 வெள்ளிக்குக் கொடுப்பதாகச் சொன்னார். அப்போது புதிதாக வாங்கினால் ஆயிரத்தைத் தாண்டியது, பெயர் பெற்றவை இரண்டாயிரத்தையும் தாண்டின. கறுப்பாக, பளபளப்பாக இருந்தது. யோசிக்காமல் பணத்தைக் கொடுத்தேன். என் பாதம் 37. அந்த உறை 40-41. "காலுறை போட்டால் சரியாகிவிடும்" என்றார் அவர். நியோப்ரின் காலுறை இரண்டு ஜோடி போட்டேன். சிக்கென்று பிடித்துக்கொண்டது. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

தியோமான் தீவு. படகிலிருந்து கயிறு இறக்கியிருந்தார்கள். 14 மீட்டர் வரை போய்த் திரும்பினேன். இரண்டு உதை உதைத்திருப்பேன், இடது குதிகால் உறையை விட்டு வெளியே வந்துவிட்டது. ஃபின் விரல் நுனியில் தொங்குகிறது. 900 வெள்ளி ஆயிற்றே! விடக் கூடாது என்று விரல்களை மடக்கிப் பிடித்தேன். உடனே கெண்டைக்காலில் தசைப்பிடிப்பு. ஒரு காலால் உதைத்து, கையால் கயிற்றைப் பிடித்து ஏறினேன். என் துணை நீச்சல்காரர் பாதி வழியிலேயே வந்து எதிரே நின்றார். கண்ணைப் பார்த்தார். கூடவே மேலே வந்தார். மூச்சு மிச்சம் இருந்தது, தைரியம்தான் இல்லை. அவர் மட்டும் இல்லாதிருந்தால் இன்று இந்த உரை வேறு மாதிரி இருந்திருக்கும்.

படகில் ஏறியதும் பயிற்சி தரும் அண்ணன் என் கால்களைப் பார்த்தார். "தகடு நல்ல தகடுதான்மா. ஆனா காலு அதுல இல்லையே" என்றார். பிறகுதான் விளக்கினார். நியோப்ரின் என்பது நுண்ணிய காற்றுக் குமிழிகள் நிறைந்த ரப்பர். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் இரண்டு மடங்கு. குமிழிகள் பாதியாகச் சுருங்கும். படகில் தடிப்பாக இருந்த காலுறை அங்கே மெலிந்துவிடும். மேலே இறுக்கமாக இருந்த உறை கீழே தளர்ந்துவிடும். இரண்டு ஜோடி போட்டால் தளர்ச்சியும் இரண்டு பங்கு. இதை எந்த விற்பனையாளரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, அது வேறு விஷயம்.

ஆகவே பாத உறையிலிருந்து தொடங்குங்கள். நம் கடலில் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். வெறுங்காலுக்கோ மெல்லிய ஒரே காலுறைக்கோ பொருந்துகிற அளவு போதும். எந்தக் காலுறையோடு மூழ்கப் போகிறீர்களோ, அதைக் கடைக்கே எடுத்துச் செல்லுங்கள். மாலையில் போவது நல்லது. நாள் முழுக்க நின்ற பாதம் கொஞ்சம் உப்பியிருக்கும். உறையைப் போட்டு, நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்தை மேலும் கீழும் அசையுங்கள். குதிகால் எழும்பக் கூடாது. பாதத்தின் நடு வளைவில் வெற்றிடம் இருக்கக் கூடாது. கால் மணி நேரம் அப்படியே இருங்கள். விரல் மரத்துப் போனால் அது உங்களுக்கு இல்லை. தளர்ந்த உறையில் விரல்கள் தாமாகவே மடங்கிப் பிடிக்கும், தசைப்பிடிப்பு வரும். இறுக்கமான உறையில் ரத்த ஓட்டம் தடைபடும், அப்போதும் வரும்.

இன்னொன்று. ஒரே எண் போட்டிருந்தாலும் எல்லா உறையும் ஒன்றல்ல. கிரேக்க நாட்டின் பாத்தோஸ், இத்தாலியின் செட்மா என்று தனியாகவே பாத உறை விற்கும் நிறுவனங்கள் உண்டு. (விளம்பரதாரர்கள் மன்னிக்க வேண்டும், உதாரணத்துக்குச் சொன்னேன்.) இவை ஐரோப்பியப் பாதத்தை மனத்தில் வைத்துச் செய்யப்படுபவை. சிறு வயதில் செருப்பில்லாமல் ஓடி விளையாடிய நம் அகன்ற பாதம் ஒன்றில் நுழையும், இன்னொன்றில் நுழையாது. இணையத்தில் எண்ணை மட்டும் பார்த்து வாங்குவதற்கு நான் எதிரி.

இனி தகடு. பிளாஸ்டிக் தகடு மலிவு, முரட்டுத்தனத்தைத் தாங்கும், ஆனால் கனம். வளைந்தால் நிமிர நேரம் எடுக்கும். கண்ணாடி இழைத் தகடு நடுத்தரம். கார்பன் தகடு இழைத் துணியை அடுக்கடுக்காக வைத்துப் பிசின் ஊற்றி இறுக்கியது. பாதத்தின் பக்கம் அடுக்கு அதிகம், நுனியில் குறைவு. அதனால் ஒரே சீராக வளைந்து, வில் போலச் சட்டென்று நிமிரும். நாம் கொடுத்த பலத்தில் பெரும்பகுதியைத் திருப்பித் தரும். ஒரு மூச்சை வைத்துக்கொண்டு போகிறவருக்கு அந்த மிச்சம் பெரிய சொத்து.

ஆனால் விறைப்பு என்று ஒன்று இருக்கிறது. மென்மை, நடுத்தரம், கடினம் என்று விற்பார்கள். இதற்குப் பொது அளவுகோல் கிடையாது. ஒருவர் மென்மை என்பது இன்னொருவருக்கு நடுத்தரம். ஆண்கள், குறிப்பாக உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறவர்கள், கடினத்தைத்தான் எடுப்பார்கள். மானப் பிரச்சினை! விறைத்த தகட்டை உதைக்கத் தொடைத் தசைக்கு அதிக ஆக்ஸிஜன் வேண்டும். மிச்சம் பிடிக்க வாங்கியதே செலவு வைக்கும். புதியவர்களுக்கும் என்னைப் போல் எடை குறைந்தவர்களுக்கும் மென்மையானதே போதும்.

தகடும் உறையும் பொருந்துகிற இடத்தில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். உறையின் இரு பக்கமும் நரம்பு போல ரப்பர் விளிம்புகள் நீண்டிருக்கும். தகட்டின் அடிப்பகுதி அந்த உறைக்கென்றே வெட்டப்பட்டிருக்க வேண்டும். அந்த விளிம்பு நீளமாகவும் விறைப்பாகவும் இருந்தால் மென்மையான தகடும் கடினமாகிவிடும். தகட்டின் சாய்வையும் பாருங்கள். நம் கணுக்கால் முழுதாக நேராக நீளாது. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் தகட்டை 20 முதல் 30 பாகை வரை சாய்த்துச் செய்கிறார்கள். சில உறைகள் திருகாணியால் பொருத்தப்படும், சிலவற்றை ஒட்டிவிடுவார்கள். ஒட்டியதைக் கழற்றுவது பெரும்பாடு. அடிக்கடி விமானம் ஏறுகிறவர்களுக்குக் கழற்றக்கூடியதே வசதி. "இந்தத் தகடு இந்த உறைக்கு வெட்டியதா?" என்று கேளுங்கள். "எல்லாத்துக்கும் சேரும்" என்று பதில் வந்தால், நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

அம்மாவுக்காக ஒன்று சொல்ல வேண்டும். வில்லியம் ட்ரூபிரிட்ஜ் என்ற நியூசிலாந்துக்காரர் 2016-இல் ஃபின்னே இல்லாமல் 102 மீட்டர் மூழ்கி எழுந்தார். நம் சபா மாநிலத்தின் செம்பூர்ணாவில் பஜாவ் கடலோடிகள் மரச்சட்டம் போட்ட கண்ணாடியோடு மூழ்கும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஃபின் யாருக்கும் மூச்சு தராது. மயக்கம் பெரும்பாலும் ஆழத்தில் வருவதில்லை. மேலே நெருங்கும்போதோ, தலை வெளியே வந்த பிறகோதான் வரும். ஏறும்போது அழுத்தம் குறைய, நுரையீரலில் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனின் அழுத்தமும் சரிந்துவிடும். அதனால் தனியாக மூழ்காதீர்கள். ஒருவர் கீழே என்றால் ஒருவர் மேலே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கவும் கூடாது. முறையான வகுப்புக்குப் போன பிறகு ஃபின் வாங்குங்கள். அதுவரை வாடகைக்கு எடுத்தது போதும்.

கார்பன் வாங்கிவிட்டால் அதைக் குழந்தை போலப் பார்க்க வேண்டும். பாறையில் மோதினால் விளிம்பு சிதறும். படகில் அதன் மேல் ஐஸ் பெட்டியை வைக்காதீர்கள். கடலிலிருந்து வந்ததும் நல்ல தண்ணீரில் அலசி நிழலில் காய வையுங்கள். வெயிலில் நின்ற காரின் பின்பெட்டியில் போட்டு மறந்துவிடாதீர்கள். தியோமான் போன்ற கடல் பூங்காக்களில் அந்த நீண்ட தகடு பவளத்தில் பட்டால் உடைவது பவளம். அது மறுபடி வளரப் பல ஆண்டுகள் ஆகும்.

என் கதைக்கு வருகிறேன். ஊருக்குத் திரும்பியதும் எனக்குப் பொருந்திய பாத உறையை வாங்கினேன், பிளாஸ்டிக் தகட்டோடு. ஓராண்டு அதிலேயே பழகிவிட்டு, அதே உறைக்கு வெட்டிய மென்மையான கார்பன் தகட்டை மாட்டினேன். அந்தப் பழைய கறுப்பு ஃபின் என் தம்பியிடம் இருக்கிறது. அவன் பாதம் 41. சும்மா போட்டுப் பார்த்தான், கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது. மழைக்காலம் முடிந்து தீவுகள் திறந்ததும் அவன் வகுப்புக்குச் சேர்கிறான். அம்மாவுக்கு இந்தச் செய்தி இப்போதுதான் தெரியும்.