சட்டம் யாருடைய உடைமை?



சட்டம் தெரியாது என்று கூறி எவரும் தப்பிக்க இயலாது. அவ்வாறாயின், அச்சட்டம் யாவர் கைக்கும் எட்டுவதாக இருத்தல் வேண்டுமன்றோ? அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றது.

சட்டமன்றம் இயற்றும் சட்டங்கள் முதலில் கால வரிசையில் அச்சாகின்றன. ஒரு நூலில் சட்டமும், பல ஆண்டுகள் கழித்து வெளிவரும் மற்றொரு நூலில் அதன் திருத்தமும் இருக்கும். இவற்றைப் பொருள்வாரியாக அடுக்கி, காலாவதியானவற்றைக் களைந்து ஒன்றாக்குவதே சட்டத்தொகுப்பு. ஜார்ஜியாவின் முதல் முழுமையான தொகுப்பு 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அடிமை முறையும் அதில் சட்டமாகவே இடம்பெற்றிருந்தது. உள்நாட்டுப் போருக்குப் பின்னர் அத்தொகுப்பைத் திருத்த வேண்டியதாயிற்று. அடுத்து 1895, 1910, 1933 ஆகிய ஆண்டுகளிலும் தொகுப்புகள் வெளிவந்தன.

இன்றுள்ள தொகுப்பு 1982 நவம்பர் 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் ஒவ்வொரு விதிக்கும் மூன்று எண்கள் உண்டு. 40-6-181 என்பதில் 40 வாகனங்களுக்குரிய தலைப்பு. 6 சாலை விதிகளுக்குரிய அத்தியாயம். 181 உச்ச வேக வரம்பைக் கூறும் பிரிவு. ஒரு விதியை நீதிமன்றங்கள் எவ்வாறு விளக்கின, எதனைச் செல்லாது என்று தீர்ப்பளித்தன என்னும் குறிப்புரைகளும் அரசின் அதிகாரபூர்வப் பதிப்பில் இருந்தன.

சிக்கல் இங்கேதான் எழுந்தது. அப்போது விதிகளை மட்டும் இணையத்தில் இலவசமாகப் படிக்க முடிந்தது. குறிப்புரையுடன் கூடிய பதிப்பையோ விலை கொடுத்தே பெற வேண்டியிருந்தது. இலவசப் பதிப்பை மட்டும் படிப்பவர், நீதிமன்றம் செல்லாதென அறிவித்த விதியையும் உயிருள்ள சட்டமென நம்பக்கூடும். 2013-இல் கார்ல் மலமூத் என்பாரின் இலாப நோக்கற்ற அமைப்பு, முழுப் பதிப்பையும் இணையத்தில் இலவசமாக ஏற்றியது. பதிப்புரிமை மீறல் என்று 2015-இல் மாநிலம் வழக்குத் தொடுத்தது. 2017-இல் மாநிலம் வென்றது. 2018-இல் மேல்முறையீட்டில் தோற்றது.

2020 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் இறுதித் தீர்ப்பு வழங்கியது. குறிப்புரைகளைத் தனியார் பதிப்பகம் எழுதியிருப்பினும், அவை சட்டமன்றத்தின் சார்பில் செயற்படும் ஆணையத்தின் படைப்பே. சட்டமியற்றுவோர் தம் கடமையின்போது படைப்பவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை என்பதே அதன் சாரம்.

இளைஞர்களே! ஒரு விதியைப் படிக்கையில் அது எந்த ஆண்டின் பதிப்பு, பின்னர் திருத்தப்பட்டதா, நீதிமன்றம் அதுபற்றி என்ன கூறியது என்னும் மூன்றையும் காணுங்கள். பெற்றோர்களே! வாழும் நாட்டின் சட்டத்தைப் பிள்ளைகளோடு சேர்ந்து படியுங்கள். அது நம் அனைவருக்கும் உரியது.