ஓசை முதலில், படம் பின்னர்

திருகோணமலைத் துறைமுகத்திற்கு அப்பாலுள்ள ஆழ்கடலில் நீலத் திமிங்கிலங்கள் உலவுகின்றன. 1984ஆம் ஆண்டில் ஆய்வாளர் அவற்றின் ஓசையை அங்கே ஒலிப்பதிவு செய்தனர். அவ்வோசை மிகத் தாழ்ந்த சுருதியில் அமைந்தது. பதிவை விரைவாக ஓட்டினால் இன்னும் நன்கு கேட்கும்.

இதனை ஆரம்ப வகுப்பில் எங்ஙனம் பயன்படுத்தலாம்? படத்தை முதலிற் காட்டிவிட்டால், பிள்ளைகள் அனைவரும் அப்படத்தையே வரைவர். ஓசையை மட்டும் கேட்கச் செய்தாலோ, 40 பிள்ளைகள் 40 உயிர்களை வரைவர். பின்னர், திமிங்கிலம் வளரக்கூடிய 30 மீற்றர் நீளத்தை முற்றத்திற் கயிறு பிடித்து அளக்கட்டும். அதன் பின்னரே திரையில் அதனைக் காட்டலாம்.

ஐந்தாந்தரப் புலமைப்பரிசிற் பரீட்சையிற் பெரும்பாலான வினாக்களுக்கு விடை ஒன்றே. அதற்கு ஆயத்தஞ் செய்யும் அவசரத்தில், பல விடை காணும் ஆற்றல் மங்கிவிடலாகாது. கருவி எதுவாயினும், பிள்ளையின் கற்பனை பேசியபின்னரே அது பேச வேண்டும்.