மூச்சு முட்டவில்லை என்றால் ஆபத்தில்லையா?

மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தால் சிறிது நேரத்திலேயே நெஞ்சு தவிக்கத் தொடங்குகிறது. ஆக்சிஜன் தீர்ந்துபோனதுதான் காரணம் என்று பெரும்பாலோர் நினைக்கிறோம். ஆனால் அந்த நேரத்தில் ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமான அளவுக்கு இருக்கிறது. நம்மைத் தவிக்கவைப்பது, வெளியேற வழியில்லாமல் சேர்ந்துவிட்ட கரியமில வாயு. நுரையீரல் காற்றில் அது வெறும் 0.2 சதவீதம் கூடினாலே சுவாசம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று 1905-இல் இங்கிலாந்தில் உடலியலாளர்கள் ஹால்டேனும் பிரீஸ்ட்லியும் காட்டினார்கள். அந்த வாயு ரத்தத்திலிருந்து மூளைக்குள் ஊடுருவி அங்கே அமிலத்தன்மையைக் கூட்டுகிறது. மூளையின் அடிப்பகுதியான முகுளத்திலுள்ள நரம்பணுக்கள் அதை உணர்ந்து மூச்சை முடுக்குகின்றன. ஆகவே மூச்சுமுட்டல் என்பது பெரும்பாலும் கழிவு சேர்ந்ததற்கான எச்சரிக்கைதான். ஆக்சிஜன் குறைந்ததை அது நமக்குச் சொல்லும் என்று நம்பி இருக்க முடியாது.

உடலில் ஆக்சிஜனைக் கண்காணிக்க உறுப்பே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. கழுத்துத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில், இரு பக்கமும் அரிசி மணி அளவில் ஒரு சிறு உறுப்பு உண்டு. அது ரத்தத்தின் வேதித்தன்மையை உணரும் உறுப்பு என்று 1928-இல் ஸ்பெயினின் தெ காஸ்த்ரோ எழுதினார். அதன் வேலையைச் சோதனைகளால் நிறுவிய பெல்ஜியத்தின் ஹேமன்ஸுக்கு 1938-க்கான நோபல் பரிசு கிடைத்தது. தெ காஸ்த்ரோவுக்கும் அதில் பங்கு கொடுத்திருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஆனால் கழுத்திலுள்ள இந்தக் காவலாளி தாமதமாகத்தான் குரல் கொடுக்கிறார். தமனி ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் வழக்கமாக 95 மில்லிமீட்டர் பாதரச அளவையொட்டி இருக்கும். அது 60-க்குக் கீழே இறங்கிய பிறகே அவருடைய குரல் பலமாகிறது. அப்போதும் ஒரு சிக்கல். மூச்சு வேகமானால் கரியமில வாயு கூடுதலாக வெளியேறிவிடும். உடனே முகுளம், ‘இவ்வளவு மூச்சு தேவையில்லை’ என்று கடிவாளம் போடுகிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு: 1875 ஏப்ரலில் பிரான்சில் ‘ஸெனித்’ பலூனில் மூவர் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் ஏறினார்கள். ஆக்சிஜன் பைகள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. இருவர் இறந்தார்கள். பிழைத்த திஸாந்தியே, தனக்கு எந்த வேதனையும் தோன்றவில்லை, மகிழ்ச்சிதான் இருந்தது, ஆனால் குழாயை எடுக்கக் கை எழவில்லை என்று எழுதினார். 2020-இல் கொரோனா வார்டுகளில் ஆக்சிஜன் அளவு அபாயமாக இறங்கிய சிலர் கைப்பேசியில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்ததற்கும் இந்தத் தாமதமான எச்சரிக்கை ஒரு முக்கியக் காரணம்.

இயற்கை இவ்வளவு பெரிய ஓட்டையை விட்டுவைக்குமா என்ற ஐயம் நியாயமானதே. நம் முன்னோர் வாழ்ந்த சூழலில் மூச்சு தடைபட்டால் கரியமில வாயு கூடுவதும் ஆக்சிஜன் குறைவதும் சேர்ந்தே நடந்தன. ஒன்றைக் கவனித்தாலே போதுமானதாக இருந்தது. பலூனும், மூடிய தொட்டிகளும் பின்னால் வந்தவை.

கழுத்திலுள்ள அந்த உறுப்பு மூச்சோடு நிற்பதில்லை. ஆக்சிஜன் குறைந்தால் கை, கால், குடல் ஆகியவற்றின் ரத்தக்குழாய்களைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்கிறது. ரத்த அழுத்தம் ஏறுகிறது. சில நிமிட ஆபத்தில் இது உயிர்காக்கும் ஏற்பாடு. ஆனால் குறட்டையோடு தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருபவர்களுக்கு, நோய் கடுமையானால் ஓர் இரவில் நூற்றுக்கணக்கான முறை இது தூண்டப்படுகிறது. நாளடைவில் அழுத்தம் பகலிலும் இறங்குவதில்லை. மாத்திரைக்கு அடங்காத ரத்த அழுத்தம் உள்ள பலரிடம் இந்தத் தூக்கக் கோளாறு இருக்கிறது. அவர்களுக்கோ இரவில் நடந்தது எதுவும் தெரியாது; பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள்.

இன்னொரு வேண்டுகோள். பாழடைந்த கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆக்சிஜன் குறைந்திருக்கலாம், நச்சுவாயுவும் தேங்கியிருக்கலாம். உள்ளே விழுந்தவரைக் காப்பாற்ற இறங்கியவர்களும் அடுத்தடுத்து மயங்கி இறப்பதைச் செய்திகளில் கேட்கிறோம். மூச்சு முட்டினால் மேலே வந்துவிடலாம் என்று எண்ணி யாரும் இறங்காதீர்கள், யாரையும் இறக்காதீர்கள். தீயணைப்புத் துறையை அழையுங்கள்.