வடதுருவக் கடல்பனியும் நம் குழாய்த் தண்ணீரும்

 

பெங்களூரில் மேக்ரி சர்க்கிள் பக்கம் பஸ்ஸில் போயிருப்பீர்கள். அதற்கு அருகில் ராமன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. திருச்சியில் பிறந்த விஞ்ஞானி சர் சி.வி. ராமன் 1948-இல் தொடங்கியது அது. அங்கிருந்து ஒருவர் 2023 டிசம்பரில் வடதுருவப் பகுதிக்குப் போனார். வேறு ஊர்களிலிருந்து மூன்று பேர் உடன் போனார்கள். குளிர்காலத்தில் நம் நாடு அங்கே அனுப்பிய முதல் குழு இதுதான்.

அவர்கள் தங்கிய இடம் ‘ஹிமாத்ரி’. இது நம் நாட்டின் ஆய்வு நிலையம். 2008 ஜூலையில் திறந்தார்கள். நார்வே நாட்டின் ஸ்வால்பார்டு தீவுகளில் இருக்கிறது. அங்கிருந்து வடதுருவம் சுமார் 1200 கிலோமீட்டர் தூரம். குளிர்காலத்தில் ஏறக்குறைய நான்கு மாதம் சூரியன் உதிப்பதே இல்லை. ஊரைத் தாண்டிப் போனால் கையில் துப்பாக்கி வேண்டும். வெள்ளைக் கரடி வரும்!

பெங்களூரிலிருந்து போனவர் அங்குள்ள ரேடியோ அலைகளை ஆராய்ந்தார். வேறு விஞ்ஞானிகள் கடல்பனியை ஆராய்கிறார்கள்.

கடல்பனி என்றால் என்ன? கடல் நீரே உறைந்து மிதப்பதுதான். நல்ல தண்ணீர் 0 டிகிரியில் உறையும். உப்புத் தண்ணீர் உறைய இன்னும் குளிர வேண்டும். அதன் கனத்தை எப்படி அளப்பது? பனியில் துளை போட்டு அளவு நாடாவை இறக்குகிறார்கள். கிணற்றில் கயிறு விட்டு ஆழம் பார்ப்போமே, அது போலத்தான்.

சென்னை பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. அதன் கருவிகளை 2014 ஜூலையில் ஹிமாத்ரி அருகே கடலுக்குள் இறக்கினார்கள். அவை நீரின் சூட்டையும் உப்பையும் அளந்தன.

பனியின் பரப்பைச் செயற்கைக்கோள்கள் 1979 முதல் அளந்து வருகின்றன. 1980-களில் செப்டம்பர் மாதத்தில் சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர் பனி இருந்தது. 2012 செப்டம்பரில் சுமார் 34 லட்சம்தான். பாதி கூட இல்லை! அதன் பிறகு அவ்வளவு குறையவில்லை. ஆனால் பழைய அளவுக்குத் திரும்பவும் இல்லை.

பனி போனால் என்ன? மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் வீடு குளிரும். வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். பனியும் பூமிக்கு அப்படித்தான். பனி உருகினால் கருநிறக் கடல் வெளியே தெரியும். அது வெயிலைக் குடிக்கும். கடல் சூடாகும். இன்னும் பனி உருகும்.

அங்கே சூடு ஏறினால் காற்றின் போக்கும் மாறலாம். அதனால் நம் பருவமழை மாறுமா என்று விஞ்ஞானிகள் ஆராய்ந்து வருகிறார்கள். குடகில் மழை பெய்தால்தான் காவிரி நிறையும். காவிரி நிறைந்தால்தான் பெங்களூர்க் குழாயில் தண்ணீர் வரும். தஞ்சாவூர் வயலும் விளையும்.

வீட்டில் ஒன்று செய்து பாருங்கள். ஒரு கறுப்புத் துணியையும் ஒரு வெள்ளைத் துணியையும் வெயிலில் விரியுங்கள். சிறிது நேரம் கழித்துத் தொட்டுப் பாருங்கள். எது அதிகம் சுடுகிறது? பிள்ளைகளையும் தொடச் சொல்லுங்கள். ஏன் என்று அவர்களுக்கு நீங்களே விளக்குங்கள்.