கண்ணில் அடிபட்டால் எழுதி வையுங்கள்

(சிலாபம் பகுதித் தென்னந்தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் சங்க அமைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை)



போன மாதம் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். தேங்காய் உரிக்கும்போது மட்டை தெறித்து வலது கண்ணில் பட்டு ஒன்பது வருடம். அன்றைக்குக் கண் சிவந்தது. இரண்டு நாளில் வேலைக்குப் போய்விட்டார். இப்போது அந்தப் பக்கம் ஆள் வந்தாலும் தெரிவதில்லை. கிளினிக்கில் குளுக்கோமா என்றார்களாம்.

கண்ணுக்குள் ஒரு நீர் ஓயாமல் ஊறி, கருவிழி ஓரத்து வடிகாலால் வெளியேறும். கண்ணீர் வேறு, இது வேறு. வடிகால் அடைபட்டால் அழுத்தம் ஏறி, பின்னாலுள்ள பார்வை நரம்பு நசியும். வழமையான அழுத்தம் 10 முதல் 21 வரை. சிலருக்கு அந்த அளவுக்குள்ளேயே நரம்பு பழுதாகும்; ஆகவே நரம்பையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கூடுதலாக வருவது திறந்த கோண வகை. வடிகால் வாய் திறந்தே இருக்கும், உள்ளே சல்லடை மெல்ல மெல்ல அடைபடும். நோவே இராது. ஓரப் பார்வை முதலில் போவதால் ஆளுக்கே விளங்காது. போன பார்வை திரும்பாது. நாற்பது தாண்டியவர்களும், தாய் தகப்பன், கூடப்பிறந்தவர்களுக்கு இந்த வருத்தம் உள்ளவர்களும் கட்டாயம் காட்ட வேண்டும்.

மூடிய கோண வகை அப்படியல்ல. திடீரென்று கண் நோவு, தலையிடி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம். பித்தம் என்று தலையில் தேசிக்காய் தேய்த்துக்கொண்டு படுக்காதீர்கள். அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

இன்னொன்று வேறு காரணத்தால் வருவது. முற்றிய வெண்புரை, கட்டுப்படாத சீனி வருத்தம், பெரியவருக்கு நடந்ததுபோல அடி. அடியில் வடிகால் கிழிந்தால் பல வருடம் கழித்தும் அழுத்தம் ஏறலாம். ஸ்டீரொயிட் கலந்த துளி மருந்தும் ஏற்றும். கண் சிவந்தால் பக்கத்து வீட்டுப் போத்தலை வாங்கி விடுகிறோமே, அதை நிறுத்துங்கள். பிறந்த பிள்ளைக்கும் வரும்: கண் பெரிதாகி, நீர் வடிந்து, வெளிச்சத்துக்குக் கூசும்.

இழுப்பு உள்ளவர்கள் அதை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். டிமோலோல் துளி அவர்களுக்கு ஆகாது.

1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தில் வேலையில் கண் போனாலும் நட்டஈடு உண்டு. பெரியவரிடம் எழுத்தில் ஒரு துண்டும் இல்லை. "அப்படி நடந்ததா?" என்று தோட்டத்தில் கேட்கிறார்களாம். சின்ன அடி என்றாலும் அன்றே தோட்டப் புத்தகத்தில் பதியச் சொல்லுங்கள், வைத்தியசாலைத் துண்டைப் பத்திரப்படுத்துங்கள், ஒரு பிரதியைச் சங்கத்தில் கொடுங்கள்.

முன்பு எப்போதாவது கண்ணில் அடிபட்டவர்கள் கூட்டம் முடிந்ததும் செயலாளரிடம் பெயர் கொடுங்கள். கிளினிக்குக்குச் சேர்ந்தே போவோம்.