பொம்பெயி நகரில் ஒரு நாள்

(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இத்தாலிய நாட்டில் யாம் கண்டவற்றை எடுத்துரைக்குமாறு செயலாளர் பணித்தனர். எட்டு நாட் பேருந்துச் செலவிற் கண்ட நகரங்கள் பல. அவை யாவற்றையும் கூறப்புகின் பொழுது போதாது. ஆதலின், எம் உள்ளத்தினின்றும் நீங்காத ஒரு நாளின் காட்சியை மட்டும் ஈண்டுக் கூறுவோம்.

உரோமை நகரினின்றும் விடியலிற் புறப்பட்ட பேருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 240 கிலோமீட்டர் சென்றது. நேப்பிள்ஸ் நகரைக் கடக்கவே, இடப்புறத்தே வெசூவியசு மலை தோன்றிற்று. காண இனிய மலை. அடிவாரத்தே திராட்சைத் தோட்டங்கள். அம்மலையே கி.பி. 79-ஆம் ஆண்டிற் சீறியெழுந்து, சாம்பலும் நுரைக்கல்லும் பொழிந்து, பொம்பெயி நகரை மூடியது. கடற்படைத் தலைவராகிய மூத்த பிளினி மக்களை மீட்கக் கப்பலேறிச் சென்று உயிர் துறந்தார். அவர்தம் மருகர் இளைய பிளினி அவ்வழிவைக் குறித்து எழுதிய கடிதங்கள் இன்றும் உள. 1748-இல் தொடங்கிய அகழ்வில் நகரின் மூன்றிலிரண்டு பங்கே வெளிப்பட்டுள்ளது.

வழிகாட்டி எமக்களித்தது இரண்டரை மணி நேரமே. கற்பாவிய தெருக்களில் வண்டிச் சக்கரங்கள் தேய்த்த தடங்கள் இன்னும் தெரிகின்றன. கால் நனையாது தெருவைக் கடத்தற்கு உயர்ந்த மிதிகற்கள் இட்டுள்ளனர். ரொட்டிக் கடையொன்றில் எரிமலைக் கல்லாலாய திரிகைகளும் அடுப்பும் கண்டோம். 1862-இல் இத்தகைய அடுப்பொன்றினின்றும் கரிந்த 81 ரொட்டிகள் எடுக்கப்பட்டனவாம். அடுப்பில் இட்டவர் எடுத்திலர்!

மன்றத்தின் கீழ்ப்புறத்தே யூமாக்கியா என்னும் பெண்மணி எடுப்பித்த மாளிகை உளது. அவருக்குச் சிலை நிறுவியோர் ஆடை வெளுக்கும் தொழிலாளர் குழுவினர். பழ வணிகரும் பொற்கொல்லரும் கோவேறு கழுதை ஓட்டுவோரும் தத்தம் வேட்பாளரைப் பரிந்துரைத்துச் சுவர்களில் எழுதிய தேர்தல் விளம்பரங்களும் இந்நகரில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. நம்மூர்த் தெருக்களை நினைந்து யாம் நகைத்தோம்.

நிற்க. எம் நகைப்பை அடக்கியது ஐசிசுத் தெய்வத்தின் சிறு கோயிலாகும். 62-ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் வீழ்ந்த அக்கோயிலை மீண்டும் எடுப்பித்தவர் நுமேரியசு போப்பிடியசு செல்சீனசு என்றும், அவருக்கு அகவை ஆறு என்றும் கல்லிற் பொறித்துள்ளனர். ஆறு வயதுக் குழந்தை கோயில் எடுத்தது எங்ஙனம்? அவன் தந்தை அடிமையாயிருந்து விடுதலை பெற்றவர் என்பர். அவரிடம் பொருள் இருந்தது. ஆயினும், அடிமையாய் இருந்தவர் நகரவையில் அமர்தற்குச் சட்டம் இடந்தரவில்லை. ஆகவே மகன் பெயராற் கட்டினார். நகரவையினரும் அக்குழந்தையைக் கட்டணமின்றி உறுப்பினனாக்கினர்.

அன்பர்களே! அக்கல்லின் முன் யாம் நெடுநேரம் நின்றுவிட்டோம். பேருந்து எமக்காக இருபது நிமிடம் காத்திருந்தது, உடன் வந்தோர் சினந்தனர், அது நியாயமே. ஆயினும் எம் நினைவு வேறிடத்தில் இருந்தது. எம் பாட்டனார் பள்ளித் திண்ணைக்கு வெளியே நின்று பாடங் கேட்டவர். உள்ளே அமர அவரை விட்டாரில்லை. அவர் நெல் விற்றுத் தம் மகனைப் படிப்பித்தார். அதனாலன்றோ யாம் இன்று கரும்பலகையின் முன் நிற்கின்றோம்!

அந்நகரிற் சாம்பலுள் மடிந்தோரின் உடல் விட்ட வெற்றிடங்களில் 1863 முதல் சாந்து வார்த்து உருவம் எடுத்தனர். தோட்டமொன்றில் பதின்மூவர் கிடக்கின்றனர். அவருள் தலைவர் யார், அடிமை யார் எனப் பார்த்தறிதல் இயலாது. மாலையில் நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில், இந்திய நாட்டிற் செதுக்கிய, ஒரு சாண் உயரத் தந்தப் பெண்ணுருவைக் கண்டோம். 1938-இல் பொம்பெயி வீடொன்றிற் கிடைத்ததாம். ஈராயிரம் ஆண்டின் முன் ஒரு பொம்மை கடல் கடந்தது. நாமோ ஒரு வேலியைக் கடக்கத் தயங்குகின்றோம்.

நம் சங்கம் ஆண்டுதோறும் நம் மரபுப் பிள்ளைகட்குக் கல்வியுதவி அளிக்கின்றது, நன்று. ஆனால், வாயிலுக்கு வெளியே நிற்கும் பிள்ளை இன்றும் உளன். அவன் நம் மரபினன் அல்லன் என்பதே வேறுபாடு. இவ்வாண்டு முதல் ஓர் உதவியேனும் எம்மரபினராயினும் ஏழைப் பிள்ளைக்கென ஒதுக்குமாறு வேண்டுகின்றோம். அதற்கு எமது முதற் பங்காக ஒரு மாத ஊதியத்தைப் பொருளாளரிடம் இன்றே சேர்ப்பிக்கின்றோம்.